இயல்பும் பயில்வும்

ஒரு தாய் வயிற்றில் பிறந்த குழவிகள் இரண்டு. மூத்தது பிறந்த நாள் தொட்டே அமைதியானது, பசித்தால் சிணுங்கும், பால் உண்டால் உறங்கும், அயலார் கை நீட்டினும் நகைத்துக்கொண்டே தாவும். இளையதோ காற்றிலே கதவு அசைந்தாலும் துணுக்குற்று விழிக்கும். பசி வந்துவிட்டால் தெருவையே கூட்டும். புதுமுகம் கண்டால் அன்னையின் தோளிலே முகம் புதைத்துக்கொள்ளும். இரண்டும் உண்ட பால் ஒன்று. உறங்கிய தூளி ஒன்று. கேட்ட தாலாட்டும் ஒன்று. ஆயின் இயல்பு மட்டும் இரண்டு. இக்காட்சியைக் காணாத இல்லம் நம் நாட்டில் இல்லை எனலாம்.

இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? இது வாழ்நாள் முழுதும் மாறாது நிற்பதோ? முயன்றால் மாற்றத்தக்கதோ? இவ்வினாக்கள் அறிஞர்க்கு மட்டுமே உரியன அல்ல. 'எனக்கு ஏன் இவ்வளவு விரைவில் சினம் வருகிறது?' என்றும், 'நாலு பேர் நடுவே நிற்கும்போது என் நா ஏன் உலர்கிறது?' என்றும் தமக்குள்ளே கேட்டுக்கொள்ளும் மாணவர்க்கும் இவை உரியனவே.

நம் முன்னோர் பழமொழிகளில் இதற்கு விடை தேடுவார் பலர். 'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பர். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பர். இவை பொய்ம்மொழிகள் அல்ல. ஆயினும் முழுமொழிகளும் அல்ல. இவற்றை முழு உண்மை என்று கொண்டோர், முயல வேண்டிய இடத்தில் முயலாமல் நின்றுவிட்டனர். திருத்த வேண்டிய இடத்தில் தீர்ப்புக் கூறிவிட்டனர். யான் பல்லாண்டு தமிழாசிரியனாய் இருந்து கண்டறிந்த கருத்து இது: இயல்பு பிறப்பால் வருவது, பண்பு பயில்வால் வருவது. ஆதலின் இயல்பு கருதி எவரையும் பழித்தல் தகாது. பண்பின் பொறுப்பிலிருந்து எவரும் தப்புதலும் தகாது. இக்கருத்தின் இரு பகுதிகளையும் இங்கு விரித்துரைப்பேன்.

குழவியின் உணர்ச்சிகளைப் பொறுமையோடு நோக்கிக் குறித்துவைத்தவருள் முதன்மையானவர் இங்கிலாந்து நாட்டு இயற்கையறிஞர் சார்லஸ் டார்வின் ஆவார். 1839 ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தையாகிய அவர் அம்மகவின் அழுகையையும் சிரிப்பையும் அச்சத்தையும் நாள்தோறும் எழுதிவந்தார். அக்குறிப்புகள் பெட்டியிலே கிடந்து, 1877 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி இதழில் கட்டுரையாக வெளிவந்தன. பத்து வாரக் குழவிக்குச் சற்றே ஆறிய பாலைக் கொடுத்தபோது, அது குடித்து முடிக்கும் வரையில் நெற்றியைச் சுளித்துக்கொண்டே இருந்ததாம். நான்கு திங்கள் நிரம்பும் முன்னரே சினத்தால் முகமும் தலையும் சிவந்தனவாம். இரண்டு ஆண்டும் மூன்று திங்களும் ஆன காலத்தில், தன்னைச் சினமூட்டியவர்மீது நூல்களையும் கோல்களையும் வீசி எறிவதில் அப்பிள்ளை வல்லவனாகிவிட்டான். ஆனால் அதே அகவையில், தன்னிடம் எஞ்சியிருந்த கடைசித் துண்டுப் பணியாரத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் தன்னைத் தானே புகழ்ந்தும்கொண்டான் என்று அத்தந்தை எழுதியுள்ளார்.

எறிந்த கையும் ஈந்த கையும் ஒன்றே என்பதை மாணவர்கள் உன்னுக. எறிந்ததை மட்டும் கண்டவர் அப்பிள்ளையை 'முரடன்' என்றிருப்பர். ஈந்ததை மட்டும் கண்டவர் 'வள்ளல்' என்றிருப்பர். இரண்டையும் கண்டவர் பெயர் சூட்டாமல் காத்திருந்தார். அக்காத்திருப்பே அறிவுடைமை.

நம் தமிழ்ப் புலவரும் குழவிப் பருவத்தை நுணுகி நோக்கியவரே. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துக்கொண்டது. செங்கீரையில் குழந்தை கையூன்றித் தலையசைத்து ஆடுகிறது, சப்பாணியில் கைகொட்டுகிறது, வாரானையில் தளர்நடையிட்டு வருகிறது. இவற்றை உடல் வளர்ச்சியின் படிகள் என்று மட்டுமே உரைப்பார் உளர். யான் இவற்றை உள்ளத்தின் படிகளாகவும் காண்கின்றேன். முத்தப் பருவத்தில் குழந்தை அன்பைக் கொடுக்கக் கற்கிறது. அம்புலிப் பருவத்தில், கைக்கு எட்டாத ஒன்றை விரும்பவும், அது வாராமையைப் பொறுக்கவும் கற்கிறது. சிற்றிற் பருவத்திலோ, சிறுமியர் மணலில் கட்டிய வீட்டை ஆண்குழந்தை சிதைக்க வர, 'சிதையாதே' என்று அவர்கள் வேண்டுகின்றனர். பிறர் ஆக்கியதை அழித்தால் பிறர் உள்ளம் நோகும் என்பது அவ்விளையாட்டில் அடங்கிய பாடம் அன்றோ? நிலாவைக் கேட்டு அழும் பிள்ளையை எந்தத் தாயும் 'பேராசைக்காரன்' என்று வைதது இல்லை. அப்பருவத்துக்கு அது இயல்பு என்று அவள் அறிவாள்.

இனி, இக்கால ஆராய்ச்சியாளர் கண்டவற்றை நோக்குவோம். அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1956 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவ இணையர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். குழவிகள் 133 பேரைத் தேர்ந்து, அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரையில் தொடர்ந்து நோக்கினர். பசியும் உறக்கமும் ஒழுங்காக வருதல், புதியதை அணுகுதல், மாற்றத்துக்கு இணங்குதல், உணர்ச்சியின் வேகம் முதலாக ஒன்பது கூறுகளை அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். நூற்றுக்கு 40 பேர் எளிதில் இணங்கும் இயல்பினர். 15 பேர் மெல்ல மெல்லப் பழகுவோர். 10 பேர் வேகமாய்ச் சினந்து அரிதில் அடங்குவோர். எஞ்சிய 35 பேர் எந்த வகையிலும் அடங்காமல் கலந்த இயல்பினராய் நின்றனர். மக்களை வகுத்துப் பெயரிடுவதற்கு விரைவோர், மூன்றில் ஒரு பங்கினர் வகைக்குள் வாராத இச்செய்தியை மறத்தல் கூடாது.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்து ஜெரோம் கேகன் என்பார் நான்கு திங்கட் குழவிகளின் முன்னே வண்ணப் பொம்மைகளை ஆட்டியும், புதிய ஒலிகளை எழுப்பியும் பார்த்தார். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கைகால்களை உதைத்து அழுதனர். ஐவரில் இருவர் அமைதியாய்க் கிடந்தனர். உதைத்து அழுதோருள் பலர் பின்னர்ப் புதியதைக் கண்டு பின்வாங்கும் பிள்ளைகள் ஆயினர். நம் மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பின் வடிவில் 'அமிக்டலா' என்னும் சிறு பகுதி உளது. அச்சத்தை முதலில் உணர்த்தும் காவற்காரன் அதுவே. இரண்டு வயதில் கூச்சம் மிக்கிருந்தோர் இளைஞரான பின்னும், புதிய முகங்களைக் காணுங்கால் அவர்தம் அமிக்டலா பிறருடையதைக் காட்டிலும் மிகுதியாகக் கிளர்வதை 2003 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஆதலின் கூச்சம் என்பது சோம்பலும் அன்று, செருக்கும் அன்று, கோழைத்தனமும் அன்று. அது விரைவில் விழித்தெழும் காவற்காரன் ஒருவனைப் பெற்றிருத்தலே ஆகும். எனினும், நான்கு திங்களில் அழுத குழவிகள் எல்லாரும் அஞ்சுவோராகவே வளர்ந்துவிடவில்லை என்பதையும் அவ்வாய்வே காட்டிற்று. பலர் கூச்சத்தைக் கடந்தனர்.

கடந்தவர் எவ்வாறு கடந்தனர்? நியூயார்க் ஆய்வாளர் இதற்கு ஒரு விடை தந்தனர். பிள்ளையின் இயல்பும், அதனை வளர்ப்போர் நடத்தும் முறையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதே அது. இதனை நம் உழவரே நமக்கு உணர்த்துவர். செம்மண் நிலத்தைக் கண்ட உழவன் அதனை வைவதில்லை. நன்செய்க்குரிய நெல்லை அதில் நட்டுவிட்டு, 'விளையவில்லையே' என்று புலம்புவதும் இல்லை. நிலக்கடலை விதைக்கிறான், வீடு நிறைய விளைவிக்கிறான். மெல்லப் பழகும் பிள்ளைக்குக் காலம் கொடுத்தலும், துள்ளும் பிள்ளைக்கு ஓடியாட இடம் கொடுத்தலும் இத்தகைய வேளாண்மையே ஆகும்.

நிலம் எத்தகையதாயினும் நீர் இன்றேல் பயிர் இல்லை. பிள்ளைக்கு அந்நீர் யாது? எட்வர்டு டிரோனிக் என்பார் 1970 களில் செய்த சோதனை அதனைக் காட்டுகிறது. குழவியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் மட்டும் முகத்தில் எந்த உணர்ச்சியும் இன்றிக் கற்சிலைபோல் இருந்தாள். குழவி சிரித்துப் பார்த்தது, கை நீட்டிப் பார்த்தது, ஒன்றும் பயன்படாமை கண்டு முகம் திருப்பிற்று, அழுதது. குழந்தை தன் உணர்ச்சியைத் தானே ஆள அறியாது. அன்னையின் முகத்தைக் கண்ணாடியாகக் கொண்டே அதனை ஆளக் கற்கிறது.

அக்கண்ணாடியே கிட்டாத குழந்தைகளின் நிலை என்ன? உருமேனியா நாட்டில் 1989 ஆம் ஆண்டு டிசம்பரில் கொடுங்கோலாட்சி ஒன்று வீழ்ந்தது. அங்கே விடுதிகளில் பல்லாயிரக்கணக்கான குழந்தைகள் வரிசை வரிசையாகக் கட்டிலிற் கிடந்ததை உலகம் அப்போது கண்டது. உணவு ஒருவாறு கிடைத்தது; எடுத்தணைக்கும் கை கிடைக்கவில்லை. அழுதால் வருவார் இன்மையால், அங்கு அழுகையே அருகிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தலைநகராகிய புக்காரெஸ்டில் அறிஞர் சிலர் அத்தகைய குழந்தைகள் 136 பேரை ஆராய்ந்தனர். அவருட் பாதிப் பேரை வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்த்தனர். சேர்ந்தோர் அன்பு கொள்ளும் திறத்திலும் மன அமைதியிலும் தேறினர். இரண்டு ஆண்டு நிரம்பும் முன் சேர்ந்தோர் மிகுதியும் தேறினர். 'குழந்தையை அடிக்கடி தூக்கினால் கெட்டுவிடும்' என்று இன்றும் கூறுவார் உளர். அவர்கள் இச்செய்தியை அறிதல் நலம்.

இதுகாறும் கூறியவை பெற்றோர்க்கு உரியன அன்றோ என்று மாணவர்கள் எண்ணக்கூடும். இனி என் குற்றம் ஒன்றைக் கூறுகின்றேன். யான் ஆசிரியப் பணி ஏற்ற இரண்டாம் ஆண்டில், என் வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன் இருந்தான். அவன் கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும், கட்டுரையோ கற்கண்டு. அவன் கூச்சத்தை ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று துணிந்து, இலக்கிய மன்ற விழாவில் அவனை முன்னறிவிப்பின்றி மேடைக்கு அழைத்தேன். வந்தான், நின்றான், கைகள் நடுங்கின, ஒரு சொல்லும் எழவில்லை. அவை நகைத்தது. யானும், 'இந்த ஊமைக்கோட்டானுக்குத் தமிழ் எதற்கு?' என்று கூறிவிட்டேன். அவ்வாண்டு முழுதும் அவன் என் வகுப்பில் தலை நிமிரவில்லை. அவன் கட்டுரைகளும் நாளடைவில் நான்கு வரிகளாகச் சுருங்கின. நாற்பது பேரை நகைக்கச் செய்த ஒரு சொல், ஓர் எழுத்தாளனை அழித்ததோ என்று யான் பின்னர் எத்தனையோ இரவுகள் எண்ணியதுண்டு.

சில ஆண்டுகள் கழித்து அவ்வியல்பே உடைய மாணவி ஒருத்தி வந்தாள். இம்முறை யான் விரையவில்லை. முதலில் பாடத்தை என் ஒருவனிடம் படித்துக்காட்டச் செய்தேன். அடுத்த திங்களில் அவள் தோழியர் இருவர் உடன் இருந்தனர். பின்னர் ஒரு வரிசை, பின்னர் வகுப்பு. ஆண்டிறுதியில் அவள் மேடையில் நின்று பேசினாள். குரல் நடுங்கிற்று, ஆயினும் முடிக்கும் வரையில் நின்றாள். அவள் கூச்சம் ஒழிந்துவிட்டதா? இல்லை. கூச்சத்தோடே பேசக் கற்றாள். இயல்பு அழியவில்லை, அதன்மீது பயில்வு ஒரு பாலம் கட்டிற்று.

இனி உங்கள் பருவத்துக்கு வருகின்றேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் உணர்ச்சிகள் திடீரெனப் பெருகுகின்றன. சிறு சொல் சுடுகிறது. நண்பன் முகம் திருப்பினால் உலகமே இருள்கிறது. உணர்ச்சியை எழுப்பும் மூளைப் பகுதிகள் இப்பருவத்தில் முந்திக்கொள்கின்றன. அதனை நெறிப்படுத்தும் முன்மூளையோ ஏறத்தாழ 25 வயது வரையில் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. திருவிழாத் தேரை நீங்கள் கண்டிருப்பீர்கள். வடத்தை ஆயிரம் கைகள் இழுக்கின்றன. தேருக்கு விசை தருவது வடம். வழி தருவதோ சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடும் ஒருவன் கை. தெருமுனையில் தேர் திரும்புவது அவன் திறத்தால்தான். உங்கள் பருவத்தில் வடம் பிடிப்போர் பலர். முட்டுக்கட்டை இடுவோனோ இன்னும் தொழில் பழகுகின்றவன். இஃது இழிவன்று; வளர்ச்சியின் ஒரு படி. ஆனால், 'தொழில் பழகுகின்றேன்' என்பது தேரை வீட்டுச் சுவரில் மோதுவதற்கு ஏற்ற காரணம் ஆகாது.

அத்தொழிலைப் பழகும் முறைகள் மூன்று கூறுவேன். முதலாவது, எழுந்த உணர்ச்சிக்குச் சரியான பெயரிடுதல். உணர்ச்சியைச் சொல்லாற் குறிக்கும்போது அமிக்டலாவின் கொதிப்புத் தணிவதை 2007 ஆம் ஆண்டில் மூளையாய்வாளர் கண்டனர். இதற்குத் தமிழ் மாணவர் பெற்றுள்ள செல்வம் பெரிது. சினம் தோன்றி மறைவது. செற்றம் நெடுநாள் நிலைத்து நிற்பது. கறுவு உள்ளே மறைந்திருந்து காலம் பார்ப்பது. பிறர் ஆக்கம் பொறாமை அழுக்காறு. பிறர் பழிப்பரோ என ஒடுங்குதல் நாணம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு எனத் தொகுத்து, அதற்கெனவே ஓர் இயல் வகுத்தார். 'எனக்குக் கோபம்' என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பவன், எல்லா நோய்க்கும் ஒரே மருந்து உண்பவன் போன்றவன். 'இது சினம் அன்று. நண்பன் என்னை விலக்கியதால் வந்த வருத்தம்' என்று அறிந்தவன் பாதி வழி கடந்துவிட்டான்.

இரண்டாவது, உணர்ச்சிக்கும் செயலுக்கும் இடையே சிறிது காலம் இடுதல். நியூசிலாந்து நாட்டு டுனிடின் நகரில் 1972, 1973 ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளை அறிஞர் இன்று வரையில் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். இளமையில் தன்னடக்கம் மிக்கோர் 32 ஆம் வயதில் உடல் நலத்திலும் பொருள் நிலையிலும் சிறந்திருந்தனர் என்று 2011 இல் வெளியிட்டனர். ஆனால் அவ்வாய்வின் மற்றொரு முடிவே எனக்கு உவகை தருவது. இளமையில் அடக்கம் குறைந்திருந்தும், வளருங்கால் அதனைப் பெருக்கிக்கொண்டோர், முன்னைய நிலைக்கு எதிர்பார்த்ததைவிடச் சிறந்து வாழ்ந்தனர். தொட்டிற் பழக்கத்தைத் தொடர்ந்து வென்றவர் அவர்.

மூன்றாவது, தவறியபின் சென்று சீர்செய்தல். சினந்து கூறிய சொல்லுக்கு வருந்தி மன்னிப்புக் கேட்பது தோல்வி என்பார் உளர். அது முட்டுக்கட்டை இடும் கைக்குப் பெரியதொரு பயிற்சி என்பேன். ஊமைக்கோட்டான் என்று யான் வைத மாணவனைப் பல ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையம் ஒன்றில் கண்டேன். அவன் மகள் அவன் கையைப் பற்றி நின்றாள். பழைய சொல்லை நினைவூட்டி, 'பொறுத்துக்கொள், தம்பி' என்றேன். அவன் பதில் ஒன்றும் கூறவில்லை, தலையசைத்தான். மறந்தானோ, மன்னித்தானோ, யான் அறியேன். ஆனால் அன்று கேட்டிராவிடின் இன்றும் என் நெஞ்சில் முள் இருந்திருக்கும்.

இனி, ஐம்பதில் வளையுமா என்னும் வினாவுக்கு விடை கூறுவேன். மக்களின் குணங்கள் ஆண்டுதோறும் மாறும் வகையை ஆராய்ந்த 92 குழுக்களின் செய்திகளை 2006 ஆம் ஆண்டில் அறிஞர் தொகுத்துப் பார்த்தனர். முதிர முதிர மக்கள் பொதுவாகக் கடமையுணர்ச்சியும் மன அமைதியும் மிகப்பெறுகின்றனர் என்றும், அம்மாற்றம் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையே மிகுதி என்றும், அதன் பின்னும் நின்றுவிடுவதில்லை என்றும் கண்டனர். ஆதலின் ஐந்தில் எளிதாக வளையும், ஐம்பதில் மெல்ல வளையும், வளையாமல் இராது. அறுபது கடந்த யான், என் முன்கோபத்தோடு இன்னும் நாள்தோறும் வழக்காடியே வாழ்கின்றேன். வழக்கில் முன்னைவிட மிகுதியாய் வெல்கின்றேன் என்பதற்கு என் மனைவியே சான்று.

இறுதியாக ஒன்று. 'அழுமூஞ்சி', 'சிடுமூஞ்சி', 'தொட்டாற்சுருங்கி', 'முரடன்' என்று எவ்வளவு எளிதாகப் பட்டம் சூட்டுகின்றோம்! அரசர் அளித்த பட்டங்கள் அரசரோடு போயின. பள்ளித் தோழர் அளித்த பட்டங்களோ முதுமை வரையில் தொடர்கின்றன. வளர்கின்ற உயிரின்மீது வளராத பெயரை ஒட்டுவது அறமன்று. பிறர்மீது ஒட்டாதீர்கள், பிறர் ஒட்டியதை உங்கள் பெயர் என்று ஏற்றுக்கொள்ளவும் செய்யாதீர்கள்.

தொடக்கத்தில் கண்ட இரு குழவிகளை மீண்டும் நினைக. நாற்பது ஆண்டுகள் கழிந்தன. மூத்தவன் இன்றும் அயலாரோடு எளிதில் கலந்து உறவாடுகிறான். இளையவனோ இன்றும் கதவு அசைந்தால் விழித்துக்கொள்கிறான். ஓரிரவு அண்டை வீட்டு முதியவர் ஈனக்குரலில் முனகினார்; உறங்கிய தெருவில் அதனைக் கேட்டு ஓடியவன் இளையவனே. அச்சத்துக்கு என்று பிறந்த செவி, அருளுக்கும் பயன்பட்டது. இயல்பு விதை; பயில்வு வேளாண்மை. விதையை நாம் தேர்ந்துகொள்ளவில்லை. வேளாண்மையோ நம் கையில் உளது.